கோவில் எண்ணெய்க்கு வர்ற கரடிய என்ன பண்றது? – வாசகர் கேள்வி பதில்

அக்கா, எங்க எஸ்டேட் லைன் வீடுங்களுக்கு கீழ இருக்குற மாரியம்மன் கோவிலுக்கு ராத்திரி கரடி வருது, கதவ தள்ளிட்டு உள்ள போயிருது. பசங்க காலைல ஆறு மணிக்கு அந்த வழியா தான் பஸ்ஸுக்கு நடக்குறாங்க. பட்டாசு வெடிச்சு விரட்டிரலாமா? – வாசகி, கோத்தகிரி

பசங்க நடக்குற வழின்னா பயம் இருக்கத்தான்மா செய்யும். எங்க ஊர் கோவில்லயும் இதே தான், போன பனிக்காலத்துல ஒருநாள் விடியக்காலைல போய் பாத்தேன், அகல்விளக்கு எல்லாம் உருண்டு கிடக்கு, ஒரு சொட்டு எண்ணெய் இல்ல, திரிய கூட சப்பி போட்ருக்கு, தகர டின் மூடிகிட்ட நகம் கிழிச்ச கோடு வரிசையா. கரடிக்கு கண்ணும் காதும் அவ்வளவு கூர்மை கிடையாது, மோப்பம் தான் அதுக்கு எல்லாமே. காட்டுல கரையான் புத்த கிளறி உறிஞ்சி திங்கிற உடம்பு அது, அதுக்குத் தோதா மேல் வரிசைல முன்பல் ரெண்டு இருக்காது, உறிஞ்சுற சத்தம் தூரத்துலயே கேட்கும். அவ்வளவு பாடுபடுற ஜீவனுக்கு நாம ஒரு டின் நல்லெண்ணெய திறந்து வச்சா வராம என்ன செய்யும்?

பட்டாசு வேணாம். இன்னைக்கு ஓடும், எண்ணெய் அங்கயே இருந்தா நாளைக்கு திரும்ப வரும், மிரண்டு ஓடுறப்ப எதிர்ல யார் வந்தாலும் அடிச்சிரும், முதுகுல குட்டிய சுமந்துட்டு வர்ற தாய் கரடின்னா கேட்கவே வேணாம். பூசை முடிஞ்சதும் எண்ணெய், தேங்காமூடி, பழம் எல்லாத்தையும் பூசாரி வீட்டுக்கு எடுத்துட்டு போயிரட்டும், விளக்க நல்லா துடைச்சு கவுத்து வைங்க, லைன்ல கோழிக்கழிவு சோத்துக்கழிவ வெளிய கொட்டாதீங்க. பசங்கள தனித்தனியா அனுப்பாம சேத்து அனுப்புங்க, பெரியவங்க ஒருத்தர் டார்ச்சோட கூட போகட்டும், சத்தமா பேசிட்டே நடக்கட்டும். திடீர்னு நேருக்கு நேர் முட்டிக்கிறப்ப தான் கரடி அடிக்கும், ஆள் வர்றது முன்னாடியே தெரிஞ்சா அதுவா ஒதுங்கிரும். ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபிஸ்ல எழுதி குடுங்க, அந்த வழிக்கு தெருவிளக்கு கேட்டு பஞ்சாயத்துலயும் ஒரு மனு போடுங்க.

தேயிலைத் தோட்டத்துல நிக்கிற காட்டெருமை கூட என் தம்பி போட்டோ எடுக்குறான், மாடு மாதிரி சாதுவா தான் இருக்குங்கறான். அப்படியா? – வாசகர், குன்னூர்

மாட்டினம் தான், எருமைன்னு பேர் மட்டும் நாம வச்சது. ஆனா வளர்ந்த காளை ஒன்னு கிட்டத்தட்ட ஆயிரம் கிலோ வரைக்கும் இருக்கும், தம்பிகிட்ட இத முதல்ல சொல்லுங்க. அது அப்படியே பக்கவாட்டுல திரும்பி உடம்ப முழுசா காட்டிட்டு நின்னாலோ தலைய தாழ்த்தி மூக்குல உஸ்ஸுன்னு சீறுனாலோ எச்சரிக்கைன்னு அர்த்தம், வந்த வழியாவே மெதுவா பின்வாங்கிரணும், அதுக்கு போக வழி விட்டு நிக்கணும். மேல் ரோட்டுல நின்னு ஒரு அரை மணி நேரம் பாருங்களேன், நாலு காலுக்கும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, மிஸ்ட்டுக்குள்ள இருந்து ஒவ்வொன்னா வெளிய வரும், எனக்கு இத்தனை வருஷம் பாத்தும் அலுக்கல. தோட்டத்த சுத்தி முள்கம்பி போட்டவங்க தயவுசெஞ்சு எடுத்துருங்க, அது கிழிச்சு புண்ணாகி புழு வெச்ச மாட்ட நான் கண்ணால பாத்துட்டேன்.

ரோட்டோரம் நீலமா பூத்துருக்கு, குறிஞ்சியா? – வாசகி, ஊட்டி

குறிஞ்சியில பல வகை இருக்கும்மா, ஒவ்வொன்னுக்கும் ஒரு கணக்கு. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்குற நீலக்குறிஞ்சி 2006லயும் 2018லயும் மலை மலையா பூத்துச்சு, அடுத்தது 2030ல. எந்த வகையா இருந்தாலும் பறிக்காதீங்க. நீலக்குறிஞ்சி ஒரே தடவ தான் பூக்கும், விதை விட்டதும் செடி செத்துரும், அந்த விதைல இருந்து தான் அடுத்தது முளைக்கணும், நாம கொத்தா ஒடிச்சுட்டு வந்தா அந்த செடி அத்தனை வருஷம் காத்திருந்தது வீணா போயிரும்.

மகளே, செப்டம்பர்ல ரெண்டாவது சீசன் ஆரம்பிச்சதுல இருந்து வீட்டு முன்னாடி ஓடையில ஒரு சின்ன பறவ வருது, வயிறு மஞ்சள், முதுகு சாம்பல், வால ஆட்டிக்கிட்டே இருக்கு. இதுக்கு முன்னாடி கோடையில பாத்ததில்ல. – வாசகர், கேத்தி

ஐயா, உங்க கேள்விய படிச்சதும் மனசு நிறைஞ்சு போச்சு. அது வாலாட்டிக் குருவி. இமயமலைப் பக்கமும் அதுக்கு வடக்கயும் கூடு கட்டிட்டு குளிருக்கு பயந்து நம்ம மலைக்கு வருது, ஏப்ரல் வாக்குல கிளம்பிரும், அதான் கோடையில காணல. ஓடையில கல்லு கல்லா தத்தி பூச்சிய பிடிக்கும், அதனால அந்த தண்ணிக்கு பக்கத்துல பூச்சிமருந்து அடிக்காம, ஸ்பிரேயர ஓடையில கழுவாம பாத்துக்கங்க. முதல்ல வந்த தேதிய காலண்டர்ல குறிச்சு வைங்க, அடுத்த வருஷம் என்னைக்கு வந்துச்சுன்னு எங்களுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க.