குவாண்டம் கணக்கு இருக்கும்போது புள்ளியியல் வெப்ப இயக்கவியல் எதற்கு?

உலோகக் கலவையில் அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு ஈர்க்கின்றன என்று குவாண்டம் கணக்கே சொல்லிவிடுமே, இடையில் புள்ளியியல் எதற்கு என்கிறீர்கள். பாதி சரி. எந்த அணு எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லிவிட்டால், அந்த அமைப்பின் ஆற்றலை அது தந்துவிடும். ஆனால் 100 இடங்களில் 50 செம்பு, 50 துத்தநாகம் என்று நிரப்பவே 1-க்குப் பின் 29 பூஜ்ஜியம் போட்ட அளவுக்கு வழிகள் உண்டு. அவற்றில் எது எவ்வளவு அடிக்கடி வரும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. எந்த ஆற்றலுள்ள நிலை எவ்வளவு அடிக்கடி வரும் என்று விதி தந்த இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் அங்கேதான் தேவைப்படுகிறார்.

எனக்கு இது புரிந்தது, செம்பும் துத்தநாகமும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்த பீட்டா பித்தளையில். சுமார் 468 டிகிரி செல்சியசுக்குக் கீழே, அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு கனசதுரத்தின் மூலைகளிலும் ஒரு வகை அணு, நடுவில் மற்றது. சூடு கூடக் கூட இந்த ஒழுங்கு தளர்ந்து, அந்த வெப்பநிலையில் அடியோடு போய்விடும். அருகில் உள்ள 8 அணுக்களின் தாக்கம் மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டால், 468 என்ற இந்த ஒற்றை எண்ணை வைத்தே பின்னோக்கிப் போகலாம்: செம்பு-துத்தநாக இணை, ஒரே வகை இணைகளின் சராசரியைவிடச் சுமார் 0.02 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) கீழே இருக்கிறது. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ 0.026. அப்படியிருந்தும் ஒழுங்கு குலையாததற்குக் காரணம், எட்டு அண்டை அணுக்களும் சேர்ந்து பிடித்து வைத்திருப்பதுதான்.

1934-இல் பிராக்கும் வில்லியம்சும் தந்த எளிய சராசரி முறையில் போட்டால் 0.016 தான் வரும். சுற்றியிருப்பவர்களைச் சராசரியாக்கிவிடுவதால் ஒரு விஷயம் தப்பிவிடுகிறது. ஒழுங்கு குலைந்த பிறகும் செம்பு தன் பக்கத்தில் துத்தநாகத்தையே கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளும். இதை எக்ஸ் கதிரில் பார்ப்பது கடினம், 29 எலக்ட்ரானும் 30 எலக்ட்ரானும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். நியூட்ரானுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அப்புறம், நான் மாட்டிக்கொண்ட இடம். தற்செயல் எண்களைக் கொண்டு அணுக்களை இடம் மாற்றிப் பார்க்கும் மான்டி கார்லோ நிரல் எழுதி, வேகமாகக் குளிர்வித்தேன். ஒழுங்கு பாதிக்கு மேல் ஏறவே இல்லை. ஆற்றல் எண்தான் தப்பு என்று ஒரு வாரம் அதையே மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் படமாக வரைந்து பார்த்தால், ஒரு பகுதியில் செம்பு மூலையில், மறு பகுதியில் செம்பு நடுவில். இரண்டு பகுதிகளும் தனித்தனியே ஒழுங்காகத்தான் இருந்தன, கூட்டிப் பார்க்கையில் ஒன்றையொன்று அடித்துவிட்டன. ஆற்றல் எண் முதலிலிருந்தே சரி.

நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால், முழு ஒழுங்கிலிருந்து சூடாக்கி ஒரு முறை, கலைந்த நிலையிலிருந்து மெதுவாகக் குளிர்வித்து ஒரு முறை ஓட்டுங்கள். வெப்பநிலையோடு ஒழுங்கு மாறுவதை வரைந்தால் இரண்டும் ஒரே வளைவில் விழும் வரை ஆற்றலைத் தொடாதீர்கள்.