கேள்வி – பதில்: ஊரின் கதையை ஊராரிடம் கேட்டவர்

கேள்வி: ஆகஸ்ட் மாதத்தில் என் பேத்தியின் பள்ளியில் சென்னை தின விழா நடந்தபோது, மேடையில் எஸ். முத்தையா என்பவரின் படத்தை வைத்திருந்தார்கள். அவரைப் பற்றிக் குழந்தை கேட்டாள்; எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் பேராசிரியரா? தொல்லியல் அறிஞரா?
*(ஒரு வாசகி, குரோம்பேட்டை)*

பதில்: இரண்டும் அல்லர். 1930 ஏப்ரல் 13 அன்று செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, அமெரிக்காவில் பொறியியலும் பன்னாட்டு உறவுகளும் படித்து, இலங்கையின் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ ஆங்கில நாளிதழில் 17 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1968-ல் சென்னைக்கு வந்து சேர்ந்த பத்திரிகையாளர் அவர். தம்மை வரலாற்றாசிரியர் என்று பிறர் அழைத்தபோதெல்லாம், தாம் நடந்தவற்றைப் பதிவு செய்பவர் மட்டுமே என்று சொல்லி வந்தார். 89 வயது நிறைந்து ஒரு வாரம் ஆன நிலையில், 2019 ஏப்ரல் 20 அன்று சென்னையில் காலமானார்.

சென்னைக்கு வந்ததும் அவர் அமர்ந்தது ஒரு நாளிதழ் அலுவலகத்தில் அன்று, டி.டி. மேப்ஸ் என்னும் வரைபடப் பதிப்பகத்தில். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வரைபடம் போடுகிறவர் ஒவ்வொரு தெருவின் பெயரையும் பிழையில்லாமல் எழுதியாக வேண்டும். எழுதும்போது, இந்தப் பெயர் யாருடையது, இந்த வளைவு ஏன் வந்தது என்ற கேள்விகள் தாமாகவே எழும். ஏரியே இல்லாத நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்றொரு குடியிருப்பு இருப்பதும், கரை எதுவும் கண்ணில் படாத இடத்தில் ‘டேங்க் பண்ட் சாலை’ என்ற பெயர் நிலைத்திருப்பதும், ஒரு காலத்தில் அங்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் எச்சங்கள் அல்லவா? 1920-களில் அந்த நீர்ப்பரப்பின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. இப்படிப்பட்ட செய்திகளைத் திரட்டி அவர் 1981-ல் வெளியிட்ட சென்னையைப் பற்றிய நூல், முதலில் சிறியதாகத்தான் இருந்தது. பின்னர் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து பெருநூலாயிற்று. ‘சென்னை: மறுகண்டுபிடிப்பு’ என்ற பெயரில் அது தமிழிலும் வந்திருக்கிறது, தங்கள் பேத்திக்கு அதையே வாங்கிக் கொடுக்கலாம்.

1991-ல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ என்ற மாதமிருமுறை இதழைத் தொடங்கினார். ‘தி இந்து’ ஆங்கில நாளிதழில் 1999 முதல் வாழ்நாளின் இறுதிக் கட்டம் வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், திங்கள்தோறும் ஒரு பத்தி எழுதினார். அந்தப் பத்தியில் நான் ஒவ்வொரு வாரமும் முதலில் தேடிப் படித்தது, தபால்காரர் கதவைத் தட்டியபோது என்ற பொருளில் தலைப்பிட்டு அவர் வாசகர் கடிதங்களுக்கு ஒதுக்கிய பகுதியைத்தான். தாம் எழுதியதில் பிழை இருப்பதாக யாரேனும் எழுதினால், அதை அங்கேயே வெளியிடுவார். விடை தெரியாத கேள்வி வந்தால் வாசகர்கள் முன் வைப்பார். சில வாரங்கள் கழித்து, முன்பின் அறியாத ஒருவர் தம் தாத்தாவின் நாட்குறிப்பையோ வீட்டுப் புகைப்படத்தையோ ஆதாரமாகக் காட்டிப் பதில் எழுதியிருப்பார்.

அந்தப் பத்திகளை நறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் நான் சேர்த்து வைத்திருக்கிறேன். தங்கள் கடிதம் வந்த அன்று அதைத் திறந்து பார்த்தேன். ஒரு நறுக்கின் ஓரத்தில் ‘இதற்குத் திருத்தம் மூன்றாம் வாரத்தில்’ என்று பென்சிலால் குறித்து, திருத்தம் வந்த நறுக்கையும் அதனுடன் சேர்த்துக் குண்டூசி குத்தியிருக்கிறேன். குண்டூசி துருவேறி, இரண்டு தாள்களிலும் ஒரே இடத்தில் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. தாம் சொன்னது தவறு என்று ஊரறிய ஒப்புக்கொள்வதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டவர் அவர். அதனால்தான் மக்கள் தங்கள் வீட்டுப் பெட்டிகளை அவருக்காகத் திறந்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. அப்படியிருக்க, ஆங்கிலேயர் நிலம் வாங்கிய 1639-ஐ நகரத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடும் வழக்கத்தை முத்தையா தொடங்கி வைத்தது சரிதானா?
*(ஒரு வாசகர், மயிலாப்பூர்)*

பதில்: தங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. பல்லாவரத்தில் 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரியோ, வரலாற்றுக் காலத்துக்கு வெகு முற்பட்டது. இவற்றை முத்தையா மறுத்தவர் அல்லர். தனித்தனி ஊர்களாக இருந்த மயிலையையும் அல்லிக்கேணியையும் எழும்பூரையும் ஒரே நகரமாக இணைத்தது, கோட்டை எழுந்த பிறகு நடந்த வளர்ச்சி என்பதே அவருடைய வாதம். இப்பகுதியை அப்போது ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்திய கம்பெனியின் பிரான்சிஸ் டே கடற்கரை மணல் நிலத்துக்கு உரிமை பெற்ற நாளாகக் கொள்ளப்படும் 1639 ஆகஸ்ட் 22-ஐ, அந்த இணைப்பின் தொடக்கமாக அவர் கண்டார். அந்தப் பேச்சுவார்த்தையில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் இடைத்தரகராக, நின்ற பேரி திம்மப்பாவின் பங்கும் நினைக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகிய இரு பத்திரிகையாளர்களுடன் சேர்ந்து 2004-ல் முத்தையா தொடங்கிய இந்த விழாவை, அந்தந்தப் பகுதி மக்களும் பள்ளிகளும் சங்கங்களும் தாங்களே நடைப்பயணமாகவும் கண்காட்சியாகவும் உரையாகவும் அமைத்துக்கொள்கிறார்கள். மயிலாப்பூரின் பழமையை அந்த நாளில் எடுத்துச் சொல்லவும் தடையில்லை. பலர் சொல்லியும் வருகிறார்கள். என் குறை வேறு. அவருடைய எழுத்தில் கம்பெனிகளும் கிளப்புகளும் கல்லூரிகளும் பெற்ற இடத்தை வடசென்னையின் உழைப்பாளர் குடியிருப்புகள் பெறவில்லை. அந்தப் பணியை இன்றைய இளைஞர்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

கேள்வி: பழைய கட்டடங்களுக்காக அவர் எழுதியதால் ஏதாவது பலன் கிடைத்ததா?
*(ஒரு வாசகர், ஆவடி)*

பதில்: கிடைத்தது, எப்போதும் அன்று. மெரினா கடற்கரையை நோக்கி வெண்ணிறத் தூண்களோடு நிற்கும் காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகம், 1839-ல் ஃப்ரீமேசன் என்னும் சகோதரத்துவ அமைப்பினருக்காக எழுந்த கட்டடம். அதை இடிப்பதற்கு 1990-களில் முயற்சி நடந்தபோது, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்றது, முத்தையாவின் இதழ் விடாமல் எழுதியது, கட்டடம் பிழைத்தது. ராஜாஜி சாலையில் இருந்த பென்டிங்க் கட்டடம் பிழைக்கவில்லை. பாரம்பரியக் கட்டடங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தி வந்தார். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது.

கேள்வி: எங்கள் ஊருக்கு ஒரு முத்தையா இல்லை. என் தந்தைக்கு 86 வயது. ஊரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். ஆனால் ‘பழைய கதை சொல்லுங்கள்’ என்றால், ‘என்னத்தைச் சொல்ல’ என்று பேச்சை முடித்துவிடுகிறார். எப்படித் தொடங்குவது?
*(ஒரு வாசகி, கும்பகோணம்)*

பதில்: கதை கேட்காதீர்கள், பொருளைக் கையில் கொடுங்கள். வீட்டின் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து, அதில் நான்கெல்லை சொல்லும் பகுதியை, சில ஊர்களில் செக்குபந்தி என்பார்களே, அதை அவருக்கு மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். ‘இன்னார் வீட்டுக்குத் தெற்கு, குளத்தங்கரைப் பாதைக்கு மேற்கு’ என்று ஒரு வரி வந்தால், அந்த இன்னார் யார், அந்தக் குளம் எங்கே போயிற்று என்பதை அவரே சொல்லத் தொடங்குவார். சொல்லும்போது இடைமறித்து ஆண்டு கேட்காதீர்கள். ஆண்டை நினைவிலிருந்து பிடுங்க முடியாது. ‘அப்போது அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா’ என்று பின்னர் கேட்டால், கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து ஆண்டை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்தப் பத்திரிகையின் அடியில் அச்சகத்தின் பெயரும், பழைய புகைப்படத்தின் பின்புறம் ஸ்டுடியோவின் முத்திரையும் இருக்கும். அவையும் ஊரின் வரலாறே.

கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை வாங்கி, இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் கீழே, சொன்னவர் பெயரையும் சொன்ன தேதியையும் குறியுங்கள். அதே செய்தியைத் தந்தையின் வயதொத்த இன்னொருவரிடமும் கேளுங்கள். அவர் வேறு விதமாகச் சொன்னால், எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் எழுதி வையுங்கள். வலப்பக்கம் திருத்தங்களுக்காகக் காலியாக இருக்கட்டும். பத்துப் பக்கம் நிறைந்ததும் முதலில் தங்கள் தந்தைக்கே படித்துக் காட்டுங்கள். ‘அப்படி இல்லையம்மா’ என்று அவர் குறுக்கிடும் இடத்தில், பேனாவை வலப்பக்கத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.