தோட்டத்துச் சபையும் தளரும் மதப்பிடிப்பும்: பொதுவாழ்வில் எப்படி நிற்பது?

கேட்டிருப்பது இது: இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவ சபை. இளையவர்கள் குறைகிறார்கள். கொழும்புக்குப் போனவர்கள் "மதமெல்லாம் அவரவர் சொந்த விசயம்" என்கிறார்கள். ஊருக்கு ஏதாவது செய்யப் போனாலோ "ஆள் சேர்க்க வந்துட்டாங்க" என்ற பேச்சு. விசுவாசத்தை மறைக்காமல், ஆள் பிடிக்கவும் போகாமல், ஊர்க் காரியங்களில் எப்படி ஈடுபடுவது?

முதலில் நிலைமையைச் சரியாகப் பார்க்க வேண்டும். கடவுள் இல்லை என்று இங்கே யாரும் பெரிதாகக் கிளம்பிவிடவில்லை. ஹட்டனிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக் கடைக்கு வேலைக்குப் போகிற பையனின் கழுத்தில் சிலுவையோ கையில் கயிறோ இருக்கத்தான் செய்கிறது. அவிழ்ந்துபோனது தோட்டம் என்ற கட்டு. லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிரட்டும் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) தொழிற்சங்கமும் கோயிலும் ஒரே எல்லைக்குள் இருந்தவரை மதமும் அதோடு சேர்ந்தே வந்தது. 1854இல் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் தோட்டத் தமிழருக்கென்று தனி ஊழியம் தொடங்கியபோது துரைமாரின் (வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களின்) ஆதரவும் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களும் சேர்ந்துதான் அதை ஓட்டினார்கள். அப்படி வளர்ந்த சபைக்குத் தோட்டத்தை விட்டுப் போகிற தலைமுறையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை.

கூட்டங்களில் கைபேசியையும் நாத்திகத்தையும் திட்டுவார்கள். நிஜப் போட்டி ஞாயிறு காலை டியூஷன்தான். க.பொ.த. சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம்; கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன. ஆகவே பிள்ளைகள் பரீட்சை வரைக்கும் ஞாயிறு வகுப்புக்கு வருகிறார்கள், பரீட்சைக்காகப் படித்த சமயத்தைப் பரீட்சையோடு முடித்துக்கொள்கிறார்கள். டியூஷன் மாஸ்டரோடு சண்டை போட்டுப் பயனில்லை. இளையோர் வகுப்பைச் சனி பின்னேரத்துக்கு மாற்றுங்கள், கடைசி பஸ்ஸுக்கு அரை மணி முன்பே விடுங்கள். ஞாயிறு முழுவதையும் கேட்காமல் மாதத்தில் ஒரு ஞாயிறு காலையை மட்டும் விட்டுத்தரச் சொன்னால் பல மாஸ்டர்மார் சம்மதிப்பார்கள்.

அந்தச் சனி வகுப்பைப் பிரசங்கமாக்கினால் இரண்டாம் மாதமே கதிரை காலியாகும். பத்துப் பதினைந்து பேர், ஒன்றரை மணி நேரம், பெயர் எழுதாத கேள்விச் சீட்டுகள், ஒரு பெட்டி. மூன்று கேள்விகளை மட்டும் எடுங்கள். முதலில் பிள்ளைகள் பேசட்டும். ஃபாதரோ பாஸ்டரோ கடைசியில், பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல். பதில் தெரியாவிட்டால் அடுத்த மாதம் சொல்கிறேன் என்று சொல்லி, அடுத்த மாதம் கட்டாயம் சொல்ல வேண்டும். இது கெட்டுப்போகும் வழி பெரும்பாலும் ஒன்றே: கையெழுத்தைப் பார்த்து எழுதியவரைக் கண்டுபிடித்து வீட்டில் சொல்லிவிடுவது. அதற்குப் பிறகு சீட்டில் நல்ல பிள்ளைக் கேள்விகள் மட்டும்தான் வரும். விஞ்ஞானமா வேதமா என்று கேட்பார்கள் என்று நினைத்துத் தயாராகப் போகாதீர்கள். இங்கே கனக்கிற கேள்விகள் வேறு: "கலியாணம் என்றால் சபைக்குள்ளும் சாதி ஏன்?", "இது துரையோடு வந்த மதம்தானே?", "அம்மம்மா இந்துவாகவே செத்துப்போனாங்க, அவங்க எங்கே?" இவற்றுக்கு மழுப்பினால் அடுத்த கேள்வியே வராது. 1 பேதுரு 3:15 "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" உத்தரவு சொல்லச் சொல்கிறது, அதையும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும். கேட்கிற அளவுக்கு நம்பிக்கை வருவதுதான் முதல் வேலை.

இனி "ஆள் சேர்க்க வந்துட்டாங்க" என்ற அந்தச் சந்தேகம். இதில் சட்டம் தெரியாமல் இறங்கக் கூடாது. இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் உள்ள சுதந்திரத்தையும், 14(1)இன் ஒரு பிரிவு வழிபாட்டாலும் போதனையாலும் அதை வெளிக்காட்டும் உரிமையையும் தருகின்றன. இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரையில் உள்ள "பரப்புதல்" என்ற உரிமை நம் சட்டத்தில் எழுதப்படவில்லை. கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்றைச் சட்டப்படி கூட்டிணைக்கும் மசோதா 2003இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, பரப்புவது அடிப்படை உரிமை அல்ல என்றே தீர்மானம் வந்தது. சமூக உதவியும் மதப் பரப்பலும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருந்ததுதான் சிக்கலானது. 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு இதைச் சுதந்திர மீறலாகப் பார்த்தது. உள்நாட்டுத் தீர்மானம் மாறவில்லை. தமிழ்நாட்டுப் பிரசங்கிகளின் யூடியூப் ஆலோசனையை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து உதவியையும் செபத்தையும் பிரித்தால் அது வெறும் தந்திரமாகிவிடும். பசியோடு இருப்பவரின் "ஆமாம்" சுதந்திரமான ஆமாம் ஆகாது. பிரித்து வைக்க அந்தக் காரணம் போதும். உலருணவுப் பைக்குள் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள், ஆராதனை முடிந்த கையோடு கொடுக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். பட்டியலைச் சபை உறுப்பினர் பெயரிலிருந்து தொடங்காமல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, நடமாட முடியாதவர் என்று அளவுகோல் வைத்து, கிராம அலுவலரிடமும் தோட்ட நலன்புரி அலுவலரிடமும் ஒத்துப்பாருங்கள். வாங்குகிறவர் தாமாகவே செபிக்கச் சொன்னால் செபிக்கலாம். அதற்கு மேலான பேச்சு வேறொரு நாளில், கையில் பை இல்லாமல் போகும்போது.

எனக்கு மிகப் பயனாகத் தெரிவது யாரும் பெரிதாக மதிக்காத ஒன்று: சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. பிறந்து மூன்று மாதத்துக்குள் பதியாத பிறப்பைக் காலங்கடந்த பதிவாகத்தான் பதிய முடியும். அதற்குத் துணை ஆவணமாக ஞானஸ்நானச் சான்றிதழ் உதவும். பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் அடையாள அட்டை சிக்கல், அடையாள அட்டை இல்லையென்றால் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) சிக்கல். தொழிலாளி 8, தோட்டம் 12 என்று நூற்றுக்கு 20 வீதம் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த பணம், பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதில் எடுக்கப் போகும்போது பெயர் வித்தியாசத்தில் நிற்கும். பதிவேட்டில் சூசைமுத்து, பிறப்புப் பத்திரத்தில் முத்துசாமி, செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) முத்து. சபை செய்யக்கூடியது: பக்க எண்ணோடு அத்தாட்சிப்படுத்திய பிரதி கொடுப்பது, இரக்கப்பட்டுப் பெயரை ஒருபோதும் திருத்தாமல் இருப்பது, சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) முடிக்க வழிகாட்டுவது. இதை ஐம்பது வயதில் தொடங்காமல் நாற்பதிலேயே பார்க்கச் சொல்லுங்கள். மூலப் பத்திரங்களைச் சபை வாங்கி வைக்கக் கூடாது, பிரதி மட்டும் போதும். அந்த மேசைக்கு இந்துவும் முஸ்லிமும் வரட்டும். எல்லோருக்கும் படிவம் ஒன்றுதானே. பனிமூட்டத்தில் பழைய பதிவேடுகள் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியிலிருந்து எடுத்து, எல்லாப் பக்கங்களையும் படம்பிடித்து வையுங்கள்.

மண்சரிவும் அப்படித்தான். 2014 அக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் வந்தபோது எந்த வீட்டில் எந்தச் சாமி என்று பார்த்து வரவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள் எளியவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம். சபை வளவில் மேலே மரமோ கூரை விளிம்போ இல்லாத இடத்தில் ஒரு மழைமானி, தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுத ஒரு ஆள். பக்கங்கள் நேராக உள்ள போத்தல் இருந்தால் அதுவே தற்காலிகமாகப் போதும். இடுப்பு வளைந்த சோடாப் போத்தல் தப்பான அளவு காட்டும். மண்டபத்தைத் தங்குமிடமாகச் சொல்வதற்கு முன், அது நிற்கிற சரிவே பாதுகாப்பானதா என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். ஒரு சாவி இந்துக் கோயில் கமிட்டித் தலைவரிடமும் இருக்கட்டும். இரவில் ஃபாதர் ஊரில் இல்லாமல் மண்டபம் பூட்டிக் கிடந்தால் மழைமானி பார்த்து என்ன பயன்?

இந்துக் கோயில் திருவிழாவுக்குப் பிரிக்கும் கோயில் காசு என்பது பல தோட்டங்களில் பழைய மனஸ்தாபம். திருவிழாவுக்குக் கொடுக்க மாட்டோம் என்று நிற்கிறவர்களும் உண்டு, கேட்டதைக் கொடுத்துவிட்டு உள்ளுக்குள் உறுத்துகிறவர்களும் உண்டு. பூசைச் செலவுக்கு மனச்சாட்சி இடங்கொடுக்காவிட்டால், 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை உள்ள பேச்சு அந்த மனச்சாட்சியை மதிக்கத்தான் செய்கிறது. ஆனால் தண்ணீர், விளக்கு, முதலுதவி, குப்பை அள்ளுவது எல்லாம் பொதுக் காரியம். கமிட்டியிடம் முன்கூட்டியே போய் இந்த இரண்டு செலவு எங்கள் பொறுப்பு என்று சொல்லி, ரசீது வாங்கிக் கொள்ளலாம். திருவிழாவுக்கு முந்தின நாள் போய்ச் சொன்னால் மறுப்பாகத்தான் கேட்கும். ஒரு மாதம் முன்னால் சொன்னால் பங்காளி.

பெரிய அளவில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1972இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம், பல மதத்தவரையும் இனத்தவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துத் தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்தது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்தில் கிறிஸ்தவ சபைகளும் சேர்ந்து நடந்தன. கேட்டது மலையக மக்களின் காணியும் கௌரவமும். உங்கள் சபைக்கு அத்தனை பெரிதாக எதுவும் தேவையில்லை. மழைமானியும் பதிவேடும் இந்த மாதமே தொடங்கலாம், கேள்விப்பெட்டி அடுத்த மாதம். கோயில் கமிட்டிப் பேச்சுக்குத் திருவிழாக் காலம் வரும்வரை அவகாசம் இருக்கிறது.