முதலில் கையை அளந்து பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மவுஸ், கீபோர்டு பற்றியவை. படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. சர்வீஸ் மேசையில் உட்கார்ந்து 22 வருடம் ஆகிறது. பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் வாரக்கணக்கில் அலசி ஆராய்பவர்கள்கூட, நாள் முழுக்கக் கை படும் பொருளைக் கடைசி நிமிடத்தில் ‘ஏதாவது ஒன்று கொடுங்கள்’ என்று வாங்கிப் போவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் கை சம்பந்தப்பட்ட கேள்விகளையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வாசகர் கேள்விக்கும் கீழே என் பதில்.

கணக்கு வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க எண்கள்தான். ஆறு மாதமாக வலது மணிக்கட்டும் தோள்பட்டையும் வலிக்கின்றன. புது மவுஸ் வாங்கினால் சரியாகுமா? 16,000 டி.பி.ஐ. உள்ளதை வாங்கச் சொல்கிறார்கள்.

டி.பி.ஐ.யை ஒதுக்கிவிடலாம். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தும்போது அது எத்தனை அடி எடுத்து வைத்ததாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது என்பதுதான் அந்த எண். 1920 புள்ளி அகலமுள்ள திரையில் 16,000 வைத்துப் பாருங்கள். மவுஸ் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்வதற்குள் அம்பு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விடும். ஒரு சின்னக் கட்டத்துக்குள் அதை நிறுத்த விரல்களை இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும், வலி கூடத்தான் செய்யும். உங்கள் வேலைக்கு 800 முதல் 1600 வரை தாராளம்.

அடுத்து கை. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 20 சென்டிமீட்டரை எட்டும் கை என்றால் பெரிய கை. அந்தக் கையில், பையில் போட்டு எடுத்துப்போவதற்கென்று செய்த 10 சென்டிமீட்டர் மவுஸைக் கொடுத்தால் உள்ளங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்காது. மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தும். நீங்கள் மவுஸை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்றும் கவனியுங்கள். உள்ளங்கை முழுவதும் படிகிற பிடி என்றால் பின்பக்கம் மேடு உயர்ந்த, 12 சென்டிமீட்டருக்குக் குறையாத மவுஸ் வேண்டும். விரல் நுனிகளால் மட்டும் தள்ளுகிறவர் என்றால் தட்டையான, எடை குறைந்த மவுஸ் போதும். கடையில் பெட்டியைப் பார்க்காமல், திறந்து வைத்திருக்கும் மாதிரியைக் கையில் பிடித்து இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கை குலுக்கும்போது இருப்பதுபோல் பக்கவாட்டில் பிடிக்கிற செங்குத்து மவுஸும் இருக்கிறது. முன்கை முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதால் சிலருக்கு நல்ல நிம்மதி. பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் வெறுத்துவிடாதீர்கள்.

ஆனால் தோள்பட்டையும் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மவுஸைவிடக் கீபோர்டுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எண் பகுதியோடு வரும் முழுக் கீபோர்டு சுமார் 44 சென்டிமீட்டர் அகலம். எழுத்துகளுக்கு நேராக உட்கார்ந்தால் மவுஸ் வலது பக்கம் வெகுதூரம் தள்ளிப் போகிறது. நாள் முழுக்கக் கையை விரித்து வைத்தபடி வேலை பார்க்கிறீர்கள். எண் பகுதி இல்லாத கீபோர்டு 36 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். அந்த 8 சென்டிமீட்டர் தோளுக்குப் பெரிய வித்தியாசம். எண்கள் இல்லாமல் கணக்கு எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். தனியாக யு.எஸ்.பி.யில் சொருகும் எண் கீபோர்டு கிடைக்கிறது. அதை இடது பக்கம் வையுங்கள். இடது கை எண்களைத் தட்டும், வலது கை மவுஸைப் பிடிக்கும். விசித்திரமாகத் தோன்றலாம். 1968 டிசம்பர் 9 அன்று, மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட் அதை மேடையில் இயக்கிக் காட்டியபோது அவர் மேசையும் இப்படித்தான் இருந்தது: வலக்கையில் மவுஸ், நடுவில் கீபோர்டு, இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட தனிப் பலகை. இரண்டு கைக்கும் வேலையைப் பங்கிட்டிருந்தார். நான் இதைப் பழக மூன்று வாரம் ஆனது, இப்போது வேறு மாதிரி உட்காரவே முடியவில்லை.

இரவில் விரல்கள் மரத்துப்போனால், அல்லது பிடி தளர்ந்து பொருட்கள் கை நழுவினால், எதையும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் போங்கள்.

கல்லூரி விடுதியில் இருக்கிறேன். மெக்கானிக்கல் கீபோர்டு ஆசை. சிவப்பு, பழுப்பு, நீலம் என்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. அறையில் இன்னும் இருவர் இருக்கிறார்கள்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் இருக்கும், அந்த ஸ்விட்சின் வகையைத்தான் நிறம் சொல்கிறது. அந்த இருவருக்காகவே நீலத்தை விட்டுவிடுங்கள். விசை பதிவாகும் இடத்தில் நீலம் ‘டிக்’ என்று வேண்டுமென்றே ஒலி எழுப்பும், ராத்திரி இரண்டு மணிக்கு அது சுவருக்கு அப்பாலும் கேட்கும். சிவப்பு வழவழவென்று தடையில்லாமல் இறங்கும். செர்ரி நிறுவனத்தின் சிவப்பு ஸ்விட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், அதில் பாதி வழியிலேயே, 2 மில்லிமீட்டரில், எழுத்து பதிவாகிவிடும். லேசாகத் தட்டப் பழகினால் விரலுக்கு வேலை குறைவு. பழுப்பில் அந்தப் பாதி வழியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அந்த ‘டிக்’ ஒலி இருக்காது. தட்டச்சு அதிகம் என்றால் எனக்குப் பழுப்புதான் பிடிக்கும். விரலுக்கு ‘பதிந்தது’ என்று தெரிந்துவிடுகிறது, அடிவரை குத்த வேண்டியதில்லை. மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் இதே நிற வழக்கைப் பின்பற்றுகின்றன, ஆனால் அழுத்தம் கொஞ்சம் மாறும்.

முடிவெடுக்க முடியவில்லை என்றால், ஸ்விட்சுகளைப் பற்றவைக்காமல் கழற்றி மாட்டும்படி செய்த கீபோர்டாகப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ஸ்விட்சை மட்டும் மாற்றலாம். ஒன்று கெட்டாலும் அதை மட்டும் பிடுங்கிப் புதிது போடலாம். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒரே ஒரு விசை வேலை செய்யவில்லை என்று முழுக் கீபோர்டையும் குப்பையில் போடுவதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன்.

புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி ஓடுகிறது. பழையதில் நன்றாக இருந்தது. பேட்டரி மாற்றியாகிவிட்டது.

மவுஸின் குட்டி ரிசீவரைக் கேபினெட்டின் பின்பக்கம், நீல நிற யு.எஸ்.பி. 3 துளையில் சொருகியிருப்பீர்கள். பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க்கும் இருக்கலாம். யு.எஸ்.பி. 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்புகிறது. உங்கள் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். 2012லேயே இன்டெல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை யு.எஸ்.பி. 2 துளைக்கு மாற்றுங்கள். இன்னும் நல்லது, ஒரு மீட்டர் நீட்டிப்பு ஒயர் வாங்கி ரிசீவரை மேசைமேல், மவுஸுக்கு அருகில் கொண்டுவருவது.

மகன் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் பட்டியல் போட்டிருக்கிறான்: ரைசன் 5 7600 பிராசசர், ஏ.எம்.5 மதர்போர்டு, 16 ஜிபி டி.டி.ஆர்.4 ராம் ஒன்று, 200 வாட் கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துச் சொல்வீர்களா?

கேட்டது நல்லதாயிற்று. ராம் தவறு. ஏ.எம்.5 என்பது பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் வகை. அந்தப் போர்டில் டி.டி.ஆர்.5 என்ற அடுத்த தலைமுறை ராம் மட்டும்தான் உட்காரும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288 பின்கள்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தித் தள்ளினால் துளை உடையும். ஒரே 16 ஜிபி ராமுக்குப் பதில் இரண்டு துண்டுகளாக வாங்குங்கள். பிராசசர் இரண்டு வழியில் ஒரே சமயம் தகவல் எடுக்கும். நான்கு துளைகள் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 துளைகளில் மாட்ட வேண்டும். பொருத்தி முடித்ததும் பயாஸுக்குள், அதாவது போர்டின் சொந்த அமைப்புத் திரைக்குள் போய், எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ராம் ஓடாது. பிராசசர், போர்டு, கார்டு மூன்றும் சரி. கார்டின் நீளம், கூலரின் உயரம் இரண்டும் கேபினெட்டுக்குள் அடங்குகின்றனவா என்பதை மட்டும் அளவு பார்த்து வாங்கட்டும்.

இனி எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. இதில்தான் எனக்குக் கவலை. மகன் போட்ட கூட்டல் தப்பில்லை. பிராசசருக்கு 90 வாட்டுக்குள், கார்டுக்கு 200, மற்றதெல்லாம் சேர்த்து 50 அல்லது 60. மொத்தம் 350ஐத் தாண்டாது. 500 போதுமே என்று தோன்றும். ஆனால் 500 என்பது எந்த 500 என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். 25 ஆம்பியர் என்று இருந்தால் 300 வாட்தான் வருகிறது, பிராசசரும் கார்டும் சாப்பிடுவது அதைத்தான். 40 ஆம்பியருக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்துவிடச் சொல்லுங்கள். ‘80 பிளஸ்’ முத்திரையை மட்டும் நம்பவும் வேண்டாம். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஷார்ட் ஆனால் தானே அணைந்துகொள்ளுமா, மின்னழுத்தம் ஆடாமல் நிற்குமா என்பதைச் சொல்வதில்லை. நல்ல 550 அல்லது 650 வாட், நீண்ட வாரண்டியோடு. பணம் போதவில்லை என்றால் கார்டில் ஒரு படி இறங்கட்டும், இதில் இறங்கவே கூடாது.

கழற்றி மாட்டும் ஒயர்கள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். கெட்டுவிட்டது. புதிது வாங்குகிறேன். பழைய ஒயர்கள் அழகாகக் கட்டி ஓட்டியிருக்கின்றன. பெட்டியை மட்டும் மாற்றினால் போதுமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். இதைச் செய்தவன் நான்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒருவர் இதேபோல் கொண்டுவந்தார். ஒயர்கள் அவ்வளவு நேர்த்தியாக ஓடியிருந்தன, கலைக்க மனம் வரவில்லை. புது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பழைய ஒயர்களைச் சொருகினேன். முனைகள் கச்சிதமாகப் பொருந்தின. ஸ்விட்சைப் போட்டதும் ஒரு சின்ன சத்தம், கருகிய வாடை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டன. டிஸ்க் பக்கத்து முனைக்குத் தர அளவு உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனைக்குக் கிடையாது. எந்தத் துளையில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்துவிட்டது. அந்த டிஸ்க்குகளில் அவர் மகளின் சின்ன வயதுப் படங்கள் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை. புது டிஸ்க் வாங்கிக் கொடுத்தேன். படங்களை என்ன செய்ய முடியும்? அவர் என்னைத் திட்டவில்லை. காலி டிஸ்க்கை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

புதுப் பெட்டியோடு வந்த ஒயர்களையே மாட்டுங்கள். பழையவற்றைப் பழைய பெட்டியோடு சேர்த்துக் கட்டி வெளியேற்றிவிடுங்கள். மேசையின் இழுப்பறையில் வைத்தால் என்றாவது ஒருநாள் யாராவது எடுத்துச் சொருகுவார்கள்.

நேற்று அசெம்பிள் செய்து முடித்தேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. எல்லாம் வீணாகிவிட்டதா?

அவசரப்படாதீர்கள். டி.டி.ஆர்.5 ராம் என்றால் முதல் தடவை போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், நடுவில் அணைக்க வேண்டாம். பிறகும் வரவில்லை என்றால் மானிட்டர் ஒயர் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, தவறி மதர்போர்டில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று இருக்கும் 8 பின் ஒயர். மறந்துபோவது பெரும்பாலும் இதுதான். அதுவும் சரி என்றால் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு ராமைக் கழற்றி, ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் இருந்தால், எது அணையாமல் நிற்கிறது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்வரை காத்திருக்க வேண்டாம், தனியாகவே பதில் போடுகிறேன்.