இடது கைக்காரருக்கு எந்த பம்ப் ஷாட்கன்?

டெக்சாஸில் வீட்டுக் காவலுக்குக் குட்டைக் குழல் பம்ப் ஷாட்கன் (பம்ப் என்ற முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வேண்டும், மேவரிக் 88 என்ற மாடல் போதுமா, நான் இடது கைக்காரன் என்று கேட்டிருந்தீர்கள். விலைக்கு அது நல்ல துப்பாக்கிதான். ஆனால் தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி பொத்தான் விசைக்குப் பக்கத்தில் குறுக்கே இருக்கிறது; வலது ஆள்காட்டி விரல் தள்ளுவதற்கென்று வைத்தது. இருட்டில் உங்கள் விரல் சுற்றிக்கொண்டு போய்த் தேட வேண்டும். மாஸ்பெர்க் 500 என்ற இன்னொரு பம்ப் ஷாட்கனில் அது மேலே, கட்டைவிரல் தானாகப் படும் இடத்தில். பழையதாகக் கிடைத்தாலும் சரி, அதையே பாருங்கள்.

குழல் 18.5 அங்குலமே வாங்குங்கள். நீளக் குழலை வாங்கி அறுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: 18 அங்குலத்துக்குக் கீழே போக, கூட்டாட்சி அரசின் முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் சிறைதான். அப்புறம், போலித் தோட்டா போட்டு, பம்பைக் கடைசிவரை இழுத்துத் தள்ளிப் பழகுங்கள். புதியவர்கள் பாதியில் விட்டுத் தோட்டாவைச் சிக்க வைப்பது அங்கேதான்.