பாட்டில் எந்தக் கருவி, எப்படி வாசிக்கிறார்கள் என்று காதாலேயே கண்டுபிடிப்பது எப்படி? எனக்கு ஷெனாயும் நாகசுரமும்கூடக் குழம்புகிறது.

கோத்தகிரியில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித்தருகிறேன். அவர்களிடம் முதலில் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: சுரம் பிறக்கிற இடத்தையும் முடிகிற இடத்தையும் கவனியுங்கள்.

வீணையில் தந்தியை மீட்டியதும் 'டங்' என்று தெறித்து, உடனே நாதம் தேய ஆரம்பிக்கும். வயலினில் வில் ஓடுகிறவரை தேயாது. புல்லாங்குழலில் சுரத்துக்கு முன்னால் காற்று உரசும். ஒலிப்பதிவில் இந்தத் தொடக்கத்தை மட்டும் வெட்டிவிட்டால் பழகிய காதுகூடத் தடுமாறும்.

வாசிக்கும் முறையும் அங்கேதான் பிடிபடும். வீணையில் மீட்டுகளை எண்ணிப் பாருங்கள். மூன்று நான்கு சுரம் வந்திருக்கும், மீட்டு ஒன்றுதான் விழுந்திருக்கும். மிச்சமெல்லாம் இடதுகை தந்தியை மெட்டின்மேல் (தண்டில் வரிசையாகப் பதித்த உலோகக் கட்டைகள்) பக்கவாட்டில் இழுத்து எடுத்தவை. எனக்கு வீணையில் மிகப் பிடித்ததே இதுதான்.

எங்கள் நீலகிரிப் பக்கம் கோத்தர் பழங்குடியினர் ஊதும் சீவாளிக் குழலை (வாயில் வைக்கும் நாக்குதான் சீவாளி, அது அதிர்ந்து ஒலிக்கும்) கேட்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மூச்சு வாங்கும் இடமே தெரியாது. கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கோயில் நாகசுரத்தில் ஒரு பிடி, அதாவது ஒரு சுரக்கோவை, முடிந்ததும் மூச்செடுப்பது காதில் விழும். பக்கத்தில் ஒத்து, அதாவது ஒரே ஆதார சுரத்தைத் தரும் துணைக்குழல், ஊதுகிறவர் இருந்தால் அவர்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஓங்கி வாசிப்பதையும் மெல்ல வாசிப்பதையும் வால்யூமை வைத்து முடிவு செய்யாதீர்கள். வில்லை அழுத்தி இழுத்தால் நாதத்தில் கூர்மை ஏறும். ரேடியோவை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கூர்மை போகாது. மலையில் இன்னொன்றும் உண்டு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் திருவிழாவில் தவில் வாசித்தால் இடப்பக்கத்துக் குச்சியின் 'தொம்' மட்டும் வந்து சேரும், வலப்பக்கம் கெட்டியான விரல்கூடு மாட்டிய விரல்களின் வெடிப்பு மங்கிப்போகும். கூர்மையான ஒலியைத்தான் காற்று வழியிலேயே அதிகம் தின்றுவிடுகிறது. அவர் மெல்ல வாசிக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது.

உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். இரண்டும் சீவாளிக் கருவிதான். இப்போது புழங்கும் பாரி என்ற நீள வகை நாகசுரம் 30 அங்குலத்துக்கு மேல் இருக்கும். ஷெனாய் 20 அங்குலத்தைத் தாண்டுவது அரிது. அதனால் நாகசுரத்தின் நாதம் கனத்து, அகன்று வரும். ஷெனாய் மெலிந்து, கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோல இருக்கும். அப்போதும் சந்தேகமென்றால் கூட வாசிக்கும் தோல்கருவியைக் கேளுங்கள். தவில் என்றால் நாகசுரம், தபலா என்றால் ஷெனாய் என்று பாதி வேலை முடிந்தது. சினிமாப் பாட்டில் மட்டும் இந்த வழி கைகொடுக்காது, அங்கே எதையும் எதோடும் சேர்ப்பார்கள்.