அந்த வண்டி போலீஸ் வண்டி இல்லை, தம்பி

குவாங்சோ வந்து ஒரு மாதம் ஆகிறது, வீட்டுக்குக் கீழே சாலையோரம் சாப்பாடு விற்கிறவர்கள் ஒரு வண்டியைக் கண்டதும் தெறித்து ஓடுகிறார்களே, அது போலீஸா, லீவு நாளில் நானும் சமோசா போட்டு விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போலீஸ் இல்லை தம்பி. செங்குவான் என்பார்கள், நகர நிர்வாகத்தின் ஆட்கள். 1997-ல் பெய்ஜிங்கில் சோதனையாகத் தொடங்கிய ஏற்பாடு, பிறகு நாடு முழுக்க வந்துவிட்டது. கருநீல உடுப்பில் பார்க்கப் போலீஸ் மாதிரியே இருப்பார்கள். ஆனால் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. அபராதம் போடலாம், சரக்கையும் வண்டியையும் தூக்கிக்கொண்டு போகலாம். பயமே அதுதான். எங்கள் தெருமுனையில் சாக்ஸ் விற்கும் அக்கா, விரிப்பின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி வைத்திருப்பார். யாராவது "ஸவ்குவாய்!" (செங்குவான் வருகிறார்கள், ஓடு என்ற எச்சரிக்கை) என்று கத்தினால் ஒரே இழுப்பு, மொத்தக் கடையும் மூட்டையாகித் தோளில் ஏறிவிடும். அடுப்பும் எண்ணெய்ச் சட்டியும் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. கொதிக்கிற எண்ணெயோடு மூன்று சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும்.

இந்த மோதலில் உயிர்களே போயிருக்கின்றன. 2009-ல் ஷென்யாங்கில் ஒரு வியாபாரி இரண்டு செங்குவான்களைக் குத்திக் கொன்றார். அடித்ததால் தற்காப்புக்காகச் செய்தேன் என்றார், கோர்ட் ஏற்கவில்லை. 2013-ல் மரண தண்டனையை நிறைவேற்றினார்கள்.

இப்போது கெடுபிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. கொரோனாவில் வேலை போனவர்களுக்காக 2020-ல் பிரதமர் லி கச்சியாங்கே தெருக்கடைகளை ஆதரித்துப் பேசினார். ஷென்சனில் 2023 செப்டம்பரிலிருந்து, குறித்துக் கொடுத்த இடத்தில் விற்கலாம். அந்த இடத்தைத் தாண்டினால் பழைய கதைதான்.

சரி, சமோசா. வேண்டவே வேண்டாம். உங்கள் வேலை அனுமதி நீங்கள் வேலை பார்க்கும் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும்தான். அதைத் தாண்டிச் சம்பாதித்தால் சட்டவிரோத வேலை: 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், பெரிய தப்பென்றால் 5 முதல் 15 நாள் காவல். அதைப் பார்ப்பது செங்குவான் இல்லை, நிஜப் போலீஸ்.

அப்புறம் ஒன்று. தெருக்கடைக்காரர்களிடம் சாப்பிடும்போது, தட்டு கைக்கு வரும் முன்பே க்யூஆர் கோடில் காசைக் கட்டிவிடுங்கள். ஓட வேண்டி வந்தால் நின்று கேட்க அவர்களுக்கு நேரம் இருக்காது.